தேர்தல் அறையைப் பூட்டிய நாள்

கூட்டணி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போது அலுப்பாக இருக்கிறது. நீங்கள் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். கழுத்தில் அட்டை தொங்குகிறது, கைப்பேசி நிறைய வாட்ஸ்அப் குழுக்கள். வாக்காளர் விவரத்தை எப்படிப் பார்ப்பது, காணொளியை எப்படி எடுப்பது என்றெல்லாம் மாநில அலுவலகத்தில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதில் சேர்க்க என்னிடம் எதுவும் இல்லை, எனக்கு அது தெரியவும் தெரியாது. மகளிர் பிரிவு, சேவை மையம் என்று நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டங்களில் அலைந்து ஓய்ந்தவள் நான். லிங்கி பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நடந்ததை மட்டும் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் நம் கட்சியைப் பற்றி. என் அப்பா லாபு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தார். துரை சொன்னதைத் தொழிலாளிக்கும் தொழிலாளி சொன்னதைத் துரைக்கும், இரண்டு பேருக்கும் கோபம் வராதபடி பக்குவமாக எடுத்துச் சொல்வதுதான் அவர் வேலையில் பாதி. நம் கட்சியும் அப்படித்தான் வளர்ந்தது. மறியல், போராட்டம் எல்லாம் நமக்கு ஒத்து வராது. சேமிக்கச் சொல்வோம், பிள்ளைகளைப் படிக்க வைக்கச் சொல்வோம், சின்னதாகக் கடை போட உரிமம் வாங்கித் தருவோம். பள்ளிக்கும் கோயிலுக்கும் வேண்டியதை அரசாங்கத்துக்குள் இருந்தே பேசி வாங்குவோம். பெரிய கட்சியோடு ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் எதுவும் நடக்கும் என்று நம்பினோம். நடக்கவும் செய்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மேசையில் நமக்குப் போட்ட நாற்காலி எப்போதும் கதவோரமாகத்தான் இருந்தது.

எந்தத் தொகுதியில் நிற்பது என்பதை நாமாக முடிவு செய்ததே இல்லை. ஒரு தேர்தலில் கொடுப்பார்கள், அடுத்த தேர்தலில் இரவல் கேட்பார்கள், அதற்கடுத்த தேர்தலில் இரவல் கொடுத்ததே மறந்துபோயிருக்கும். கிளைத் தலைவர்களுக்கு அதை விளக்கிச் சொல்லும் வேலை என்னைப் போன்றவர்கள் தலையில் விழும். பிறகு மக்கள் நம்மை மொத்தமாக ஒதுக்கிய காலம் வந்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் நம் இடங்களை எல்லாம் பிடித்தார்கள். நாம் வெளியே நின்று அவர்களை வாய் ஓயாமல் திட்டினோம், அவர்களும் நம்மைத் திட்டினார்கள். கடைசியில் ஒருநாள் காலையில் செய்தித்தாளைப் பிரித்தால், அவர்கள் தலைவரும் நம் கூட்டணித் தலைவரும் கைகுலுக்கிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். இனிமேல் எல்லோரும் ஒரே அரசாங்கமாம்.

அந்தப் படத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே ராமையாவிடமிருந்து தொலைபேசி வந்தது.

ராமையா லிங்கி தோட்டத்தில் நம் கிளைத் தலைவர். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். கட்சி சொன்னால் சொன்னதுதான், மறுபேச்சு கிடையாது. கொடி கட்டு என்றால் கட்டுவார், அவிழ் என்றால் அவிழ்ப்பார். இப்படிப்பட்டவர்களை வைத்துத்தான் நம் கட்சி இத்தனை காலம் ஓடியது என்பதை மறந்துவிடாதீர்கள்.

"அக்கா, பேப்பர் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"பாத்தேன்."

"மேல கை குலுக்கிட்டாங்க. சரி. இங்க நான் யாரு கைய குலுக்கறது? எங்க மச்சான் கையயா?"

அவர் மச்சான் தனபாலன்தான் அதே தோட்டத்தில் எதிர்க்கட்சிக் கிளைக்குத் தலைவர். ராமையாவின் மனைவி சரோஜாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன். இரண்டு வீடும் ஒரே தோட்டத்தில் அடுத்தடுத்த வரிசையில் இருக்கின்றன. ஆனால் பல வருடங்களாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

பகை எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். தனபாலன் எதிர்க்கட்சியில் சேர்ந்த புதிதில் தோட்டத்துத் திடலில் நாம் ஒரு செராமா வைத்தோம். தேர்தல் கூட்டத்தை நாம் அப்படித்தானே சொல்வோம். அன்று நான் சுவா பக்கம் வேறொரு கூட்டத்தில் இருந்தேன், நடந்ததைப் பிறகு கேள்விப்பட்டேன். தலைமையகத்திலிருந்து வந்தவர்கள், தனபாலனைப் பற்றி வீட்டு ஆள் ஒருவர் பேசினால்தான் எடுபடும் என்று ராமையாவை மைக் முன்னால் தள்ளியிருக்கிறார்கள். என்ன பேசுவது என்றும் அவர்களே சொல்லிக் கொடுத்தார்கள். தனபாலனின் அப்பா இறந்தபோது நம் சேவை மையத்தின் சவ வண்டியில்தான் இடுகாட்டுக்குக் கொண்டுபோனோம். "செத்த அப்பன நம்ம கட்சி வண்டியில ஏத்திட்டுப் போனவன், அந்த நன்றிகூட இல்லாம எதிரிக் கொடிய புடிக்கிறான்" என்று ராமையா பேசினார். திடலே கைதட்டியதாம். தனபாலன் மட்டும் எழுந்து போய்விட்டார். அதோடு போக்குவரத்து நின்றது.

இது நம் கட்சிக்காரர்களுக்கே உரிய தவறு. ஒரு வீட்டுக்குச் சவ வண்டி அனுப்பினால் அந்த வீட்டு ஓட்டையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு வந்துவிட்டதாக நமக்கு ஒரு நினைப்பு. செய்த உதவியை மேடையில் சொல்லிக் காட்டுவது நமக்குப் பழகிப்போய்விட்டது. உங்களில் சிலர் இப்போதே அதைப் பேஸ்புக்கில் செய்வதைப் பார்க்கிறேன்.

கைகுலுக்கிய பிறகு வந்த மாநிலத் தேர்தலில் அந்தத் தோட்டம் இருக்கும் தொகுதி நமக்கு இல்லை என்றார்கள். போன தடவை யார் ஜெயித்தார்களோ அவர்களுக்கே இடம் என்று மேலே ஒப்பந்தம். அதாவது நம்மைத் தோற்கடித்த வேட்பாளருக்கே நாம் ஓட்டுக் கேட்க வேண்டும். தோட்டத்தில் இரண்டு கிளைகளும் சேர்ந்து ஒரே பீலேக் கெராக்கான் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. தேர்தல் வேலைகளைக் கவனிக்கும் அந்த அறையை மலாயில் அப்படிச் சொன்னால்தான் நம் ஆட்களுக்குத் தேர்தல் வந்த மாதிரி இருக்கும். ராமையா வீட்டோடு ஒட்டியிருந்த பழைய கடைதான் அறை. சாவி அவரிடம் இருந்தது.

ராமையா உத்தரவை நிறைவேற்றினார். தனபாலனும் அவர் கட்சி சொன்னதால் வந்தார். இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். "வணக்கம் தலைவரே" என்று இவர் சொல்வார், "வணக்கம் தலைவரே" என்று அவர் சொல்வார். மச்சான் என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை. பார்க்கச் சிரிப்பாக இருந்தது, சங்கடமாகவும் இருந்தது.

ஆனால் அடுப்பு எரியவில்லை. நம் கிளைகளில் ஒரு வழக்கம் உண்டு. தேர்தல் அறைக்குச் சாப்பாடு வெளியிலிருந்து வரக்கூடாது, தலைவர் மனைவிதான் சமைப்பாள். அவள் அடுப்பு மூட்டினால்தான் மற்றப் பெண்கள் காய் நறுக்க வருவார்கள். அப்படியே கூட்டமாகக் கிளம்பி வீடு வீடாக ஓட்டுக் கேட்கவும் போவார்கள். அவள் மூட்டவில்லை என்றால் தலைவருக்கு இதில் மனமில்லை என்று தோட்டமே புரிந்துகொள்ளும். சரோஜா மூட்டவில்லை. ராமையா பாசாரில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கி வந்து கொடுத்தார். ஒரு பெண்ணும் எட்டிப் பார்க்கவில்லை.

தனபாலன் பக்கத்து ஆட்கள் இதை உள்குத்து என்று மேலே சொல்லிவிட்டார்கள். கூடவே இருந்துகொண்டு கவிழ்ப்பதற்கு நம் அரசியலில் அதுதான் பெயர். மாநில ஒருங்கிணைப்பாளர் என்னை அழைத்தார். அவருக்கு என் மகன் வயது இருக்கும்.

"அக்கா, சண்டே காலையில வேட்பாளர் அங்க வர்றாரு. அதுக்குள்ள அந்த அம்மாவ சமாதானம் பண்ணிருங்க. அண்ணன் தங்கச்சி கட்டிப் புடிச்சு அழற மாதிரி ஒரு வீடியோ கெடச்சா போதும், ஸ்டேட் முழுக்க வைரல் ஆயிரும். அண்ணன் சேல குடுக்கட்டும், சேலய நாங்களே வாங்கிட்டு வர்றோம்."

எனக்கு அந்த நிமிடமே போனை வைத்துவிட வேண்டும் போல் இருந்தது. "பேசிப் பாக்கறேன்" என்று மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை சரோஜாவைப் பார்க்கப் போனேன். வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள். நானும் ஒரு பலகையை இழுத்துப் போட்டுக் கிள்ள ஆரம்பித்தேன். அண்ணன் மேல் உள்ள கோபத்தை விடச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க அண்ணன் மேல எனக்கு என்னா கோவம் அக்கா? ஒண்ணுமில்ல."

"பின்ன ஏன் அடுப்பு பத்த வைக்கல?"

அவள் நெத்திலியைக் கீழே வைத்தாள். "எங்க கவிதா கல்யாணத்துக்கு எத்தன தடவ கெஞ்சினேன் தெரியுமா? வெத்தல பாக்கு வச்சு ஒரு தட்டு எடுத்துக்கிட்டு போயி அண்ணன கூப்புட்டுட்டு வந்துருவோம், தாய்மாமன் இல்லாம புள்ளக்கி எப்படி லா மால போடறதுன்னு கேட்டேன். கட்சிக்காரங்க என்னா நெனப்பாங்கன்னாரு. கடைசியில தூரத்து மாமன் ஒருத்தர புடிச்சுக் கொண்டாந்து மால போட்டோம். கவிதா அன்னைக்கி பூரா வாசலயே பாத்துக்கிட்டு இருந்துச்சு."

நானும் நெத்திலியைக் கீழே வைத்தேன்.

"அன்னைக்கி கட்சி வேணாம்னுச்சு, போவல. இன்னைக்கி கட்சி போன்னுச்சு, போயி பக்கத்துல நாக்காலி போட்டு உக்காந்துட்டாரு. அப்ப நான் யாரு அக்கா இந்த வூட்டுல? அன்னைக்கி மைக்குல பேசுனாரே, செத்தது எனக்கும் அப்பாதான். அத ஒருத்தரும் நெனச்சுப் பாக்கல."

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்க முயலவில்லை. மாநில அலுவலகம், தனபாலனின் ஆட்கள், நான் எல்லோருமே அவள் கோபத்தைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தோம். அவள் அண்ணனை மன்னிக்க வேண்டிய தேவையே இல்லை. அவள் புருஷன்தான் அவளிடம் ஒன்றும் கேட்காமல் அவள் அண்ணனைப் பிரிந்து, ஒன்றும் கேட்காமல் சேர்ந்திருந்தார்.

"என்னா செஞ்சா மனசு ஆறும் சரோஜா?"

"மன்னிப்புலாம் கேக்க வேணாம். தட்ட எடுத்துக்கிட்டு எங்கூட வரணும். எங்க அண்ணன் வூட்டு வாசல்ல என் புருசனா நிக்கணும், தலைவரா இல்ல. எலெக்சன் முடிஞ்சு போலாம்னு சொல்றாரு. எலெக்சன் முடிஞ்சா வேற ஏதாவது வரும். கட்சி ஒரு பக்கம் கூப்புடறப்ப எங்கூட ஒரு தடவ வரட்டும். அதுக்கப்பறம் எத்தன பேருக்கு வேணாலும் ஆக்கிப் போடறேன்."

அன்று முழுக்க யோசித்தேன். வேட்பாளர் வரும் நேரத்தில் ராமையாவும் தனபாலனும் அறையில் இல்லையென்றால் உள்குத்து என்று முத்திரையே குத்திவிடுவார்கள். அந்தத் தொகுதியில் ஓட்டு வித்தியாசம் மிகக் குறைவாகத்தான் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், தோட்டத்து ஓட்டு போனால் தொகுதியே போகலாம். தோற்றால் புதுக் கூட்டணியின் பழி முழுவதும் நம் கட்சி மேல் விழும். மறுபக்கம், வேட்பாளரை வரவேற்றுவிட்டுப் பிறகு போகலாம் என்றால் கேமராவும் கூடவே போகும். அந்தக் குடும்பத்தை இரண்டாம் தடவையும் நாமே மேடையில் ஏற்றியது போலாகிவிடும்.

ராமையாவுக்கு உத்தரவு போட எனக்கு வாய் வரை வந்தது. "நாளைக்குப் போங்க" என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தட்டோடு கிளம்பிவிடுவார். ஆனால் அப்போது அதுவும் கட்சி சொல்லிப் போனதாகத்தானே ஆகும்? சரோஜா கேட்டது அதுவல்லவே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ராமையா வீட்டுக்குப் போனேன். கூட்டணிச் சட்டை போட்டுக்கொண்டு தயாராக நின்றார். சரோஜா சொன்னதை எல்லாம் அவரிடம் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அதுக்கு இன்னைக்கா அக்கா? வேட்பாளர் வர்றாரே."

"அறைச் சாவிய எங்கிட்ட குடுங்க. அங்க நடக்கறத நான் பாத்துக்கறேன். மத்தத நான் சொல்ல மாட்டேன், நீங்களே முடிவு பண்ணுங்க."

"கட்சியில என்னா சொல்லுவாங்க?"

"என்னயத்தான் சொல்லுவாங்க."

அவர் அப்படியே நின்றார். வாழ்நாள் முழுவதும் யாராவது சொல்லித்தான் நடந்தவர், சொல்ல ஆளில்லாமல் நிற்பதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. பிறகு சாவியை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது கூட்டணிச் சட்டை இல்லை, கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். "சரோஜா, தட்டு எங்க இருக்கு?" என்று கேட்டார். நான் அங்கே நிற்காமல் போய் அறையைப் பூட்டினேன். திறந்து வைத்திருந்தால் யாராவது மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர்களைத் தேடிப் போவார்கள்.

வேட்பாளர் வந்தார். அவர் ஏறி வந்த வண்டிக்கு முன்னால் ஒரு காடி, பின்னால் இரண்டு. பூட்டிய கதவுக்கு முன்னால் நான் ஒருத்தி மட்டும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். தனபாலனையும் காணோம், போனையும் எடுக்கவில்லை. ஒருங்கிணைப்பாளர் முகம் சிவந்துவிட்டது.

"எங்க அக்கா உங்க தலைவரு?"

"ஒரு வீட்டு விசயமா போயிருக்காரு. மத்தியானத்துக்கு மேல அறை தொறக்கும்."

"வேட்பாளர் வர்ற நேரத்துல வீட்டு விசயமா? சாவி எங்க?"

"எங்கிட்டதான் இருக்கு. தர மாட்டேன்."

வேட்பாளர் நல்ல மாதிரிதான். "பரவால்ல அக்கா" என்று கும்பிட்டார். ஆனால் முகம் விழுந்துவிட்டது, இவர்கள் கவிழ்த்துவிட்டார்கள் என்றுதான் அவரும் நினைத்திருப்பார். காடிகள் அடுத்த தோட்டத்துக்குப் போய்விட்டன. அதற்குப் பிறகு எனக்கு வந்த தொலைபேசிகளைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன். நான் செய்தது சரிதானா என்று எனக்கே தெரியாமல்தான் அந்த வெயிலில் உட்கார்ந்திருந்தேன்.

மதியம் தாண்டி ராமையா தனியாக வந்தார். கண் சிவந்திருந்தது.

"என்னாச்சு?" என்று கேட்டேன்.

"சாப்புட்டோம்" என்றார். சாவியைக் கேட்டு வாங்கினார்.

கொஞ்ச நேரத்தில் சரோஜாவும் தனபாலன் மனைவியும் வந்தார்கள். பின்னாலேயே தனபாலன் அடுப்புக்கு ஒரு கேஸ் தோம்பைத் தோளில் தூக்கி வந்தார். "மச்சான், அந்தப் பக்கம் புடிங்க" என்றார் ராமையாவிடம். சரோஜா அடுப்பை மூட்டினாள். அன்று சாயங்காலமே பெண்கள் வந்துவிட்டார்கள்.

வேட்பாளர் ஜெயித்தார். கொஞ்ச வித்தியாசம்தான். தோற்றிருந்தால் என்னைத்தான் காரணம் என்றிருப்பார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருந்திருக்கும். ஜெயித்தும் கட்சி என்னை விசாரணைக்கு அழைத்தது. ஏன் பூட்டினீர்கள் என்றார்கள். வீட்டு விஷயம் என்றேன். யார் வீட்டு விஷயம் என்றார்கள். அதைச் சொல்ல மாட்டேன் என்றேன். அடுத்த தவணைக்கான பொறுப்பாளர் பட்டியலில் என் பெயர் இல்லை. அதில் எனக்குப் பெரிய வருத்தமும் இல்லை, கால் வலிக்கு நல்லதுதான்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதை நேராகவே சொல்லிவிடுகிறேன். மேலே இருப்பவர்கள் சேர்வார்கள், பிரிவார்கள். அது அவர்கள் தொழில், நம் கட்சி மாதிரிச் சின்னக் கட்சிக்கு வேறு வழியும் இல்லை. எதிர்க்கட்சியின் கொள்கையைத் திட்டுங்கள், அவர்கள் ஆட்சியைத் திட்டுங்கள். ஒரு தோட்டத்து ஆளை அதே தோட்டத்து இன்னொரு ஆளை விட்டுத் திட்ட வைக்காதீர்கள். தலைவர்களுக்குச் சமாதானமாக ஒரு ஹோட்டல் அறை போதும். கீழே ஒரு கல்யாணம் தவறிப்போனால் அதைத் திரும்ப நடத்த முடியாது.

இப்போது மறுபடியும் பேச்சு அடிபடுகிறது. இந்தக் கூட்டணியில் நமக்கு மரியாதை இல்லை, வெளியேறித் தனியாக நிற்கலாம், இல்லையென்றால் அந்தப் பக்கம் சேரலாம் என்று மாநாட்டில் பேசியிருக்கிறார்கள். உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். போன வாரம் சரோஜா எனக்குத் தொலைபேசியில் பேசினாள்.

"அக்கா, கட்சி பிரியப் போவுதாமே?"

"பேச்சு இருக்கு. இன்னும் முடிவாவல."

"எங்க அண்ணன் இனிமே மைக்க தொட மாட்டேன்னுட்டாரு. எலெக்சன் வந்தா மக வூட்டுக்குப் போயி இருந்துக்கறேன்னாரு."

"ராமையா என்னா சொல்றாரு?"



"ஒண்ணும் சொல்லல அக்கா. கேட்டேன், எந்திரிச்சுப் போயிட்டாரு. அவரு நல்லவருதான், ஆனா கட்சி வந்து மைக்குல பேசச் சொல்லிக் கேட்டா மாட்டேன்னு சொல்ல அவரால முடியாது. இத்தன வருசமா பாக்கறேன், எனக்குத் தெரியும். நீங்கதான் அங்க சொல்லணும். அவருக்கிட்ட கேக்காம இருக்கச் சொல்லுங்க."

எனக்குக் கட்சியில் இப்போது பொறுப்பு எதுவும் இல்லை, நான் சொன்னால் மேலே ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அந்தத் தோட்டத்துக்கு மைக்கைத் தூக்கிக்கொண்டு போகப் போவது மேலே இருப்பவர்கள் இல்லை, நீங்கள்தான். அதனால் உங்களிடம் சொல்கிறேன். ராமையாவிடம் கேட்காதீர்கள்.